அறுபடாத ஈயம்

"மச்சான், இவ்வளவு மரியாதையா என் பொண்டாட்டிகூட என்னை மிரட்டினதில்ல" என்றான் பட்டாசு, கடிதத்தை மூன்றாவது தடவையாகப் படித்துவிட்டு.

"அவ என் தங்கச்சி. செல்லமா வளர்ந்தவ. அதுக்கு நான் பொறுப்பில்ல" என்றார் நிதானம், மேசையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

இரண்டுமே பட்டப்பெயர்கள்தான். வீடு பற்றி எரிந்தாலும் செருப்பை நேராக மாட்டிக்கொண்டுதான் கிளம்புவார் என்பதால் துப்பறிவாளருக்கு நிதானம் என்று பெயர் வந்தது. அவருடைய தங்கையைக் கட்டிய உதவியாளனுக்குப் பட்டாசு என்ற பெயர் ஏன் வந்தது என்பது அவன் வாயைத் திறந்த அரை நிமிடத்தில் யாருக்கும் விளங்கிவிடும்.

மேசைமேல் ஒரு விளக்கு இருந்தது. ஒரு சாணுக்குச் சற்று மேல் உயரம். அடியில் பித்தளை எண்ணெய்க் குடுவை, அதன்மேல் தடித்த கண்ணாடி, கண்ணாடிக்கு மேல் நெருக்கமான கம்பி வலை, உச்சியில் ஒரு கொக்கி. குடுவையில் 214 என்று எண் குத்தியிருந்தது. விளக்கோடு வந்த காகிதத்தில், இடது கையால் எழுதியதுபோன்ற கோணல் எழுத்தில் இரண்டே வரிகள்.

'இன்று நான்கு மணிக்கு மேடையில் நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால் இது சொல்லும்.'

"காலையில எங்க வீட்டுக் கேட்டுக்குப் பக்கத்துல ஒரு துணிப்பையில கிடந்துச்சு" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர். முப்பது வருடம் நிலக்கரிச் சுரங்கத்தை ஆண்டு ஓய்வு பெற்றவர். வயது எழுபத்தெட்டாகியும் ஊருக்கு அவர் இன்னும் மேனேஜர்தான். பழைய சுரங்கக் கட்டடத்தை விளக்கு அருங்காட்சியகமாக மாற்றியிருந்தார்கள். அன்று மாலை அதன் திறப்பு விழா. பாதுகாப்புக்குப் பாடுபட்டவர் என்று மேடையில் அவருக்குப் பாராட்டு.

"இருநூத்திப் பதினாலுன்னா என்னங்க கணக்கு?" என்றான் பட்டாசு.

"முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்ன கீழ வெடி விபத்து. பத்தொன்பது பேர் போனாங்க. ஒரு முட்டாள் பீடி பத்த வைக்க விளக்கைத் திறந்துட்டான். அவன் விளக்கு நம்பர் அது. விசாரணையில நிரூபணமாச்சு." மேனேஜர் விளக்கைப் பார்க்காமலே பேசினார். "ஆளுங்களுக்கு விளக்கைப் பூட்டிக் குடுக்கிற விளக்கறையில வேலை பார்த்தவன் ஒருத்தன் இருக்கான். இப்போ அருங்காட்சியகத்துல தூசி தட்டுறான். இது அவன் வேலைதான். பிடிச்சு நாலு தட்டு தட்டுங்க, கக்கிடுவான்."

"நாங்க கதவைத் தட்டுறதோட சரிங்க. மத்ததெல்லாம் போலீஸ் தட்டுறது."

"போலீஸுக்குத்தான் போயிருப்பேன். இவதான் உங்க பேரைச் சொன்னா. ஏதோ வாரப் பத்திரிகையில படிச்சாளாம்."

'இவ' என்று அவர் குறிப்பிட்ட அம்மாள் காபித் தம்ளர்களோடு வந்திருந்தார். அறுபத்தைந்து வயதிருக்கும். தம்ளர்களை வைத்தார், எதுவும் பேசாமல் போய்விட்டார்.

நிதானம் விளக்கைத் தூக்கி மூக்கருகே கொண்டுபோய் நீளமாக மூச்சிழுத்தார். பிறகு பட்டாசிடம் நீட்டினார். எண்ணெய் வாடை வரும் என்று எதிர்பார்த்த பட்டாசுக்குத் தும்மல்தான் வந்தது.

காரில் ஏறியதும் நிதானம் கேட்டார். "குற்றவாளி யாருன்னு கட்சிக்காரரே சொல்லிட்டாரு. அப்புறம் நாம எதுக்கு மாப்ள?"

"அதான் எனக்கும் புரியல. கல்யாணம் முடிஞ்சப்புறம் பொண்ணு பார்க்கக் கூப்பிட்ட மாதிரி இருக்கு."

அருங்காட்சியகத்தில் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கூடத்தின் மூன்று சுவர்களிலும் விளக்குகள். விளக்கறைக்காரர் எழுபதைத் தொட்ட, ஒல்லியான மனிதர். நிதானம் தம்மை யாரென்று சொல்லவில்லை. சுற்றிப் பார்க்க வந்தவர்போல ஒவ்வொன்றாகக் கேட்டார். மனிதர் உற்சாகமாகிவிட்டார்.

"முன்னெல்லாம் வெறும் மெழுகுவத்தியோடதான் இறங்குவாங்க. நிலக்கரியிலேருந்து வாயு கசியும். சுடர் பட்டா முடிஞ்சுது. அதனால காலையில முதல்ல ஒருத்தன் ஈரத்துணியைப் போத்திக்கிட்டு, நீளக் கழியில மெழுகுவத்தியைக் கட்டி, தரையோட தவழ்ந்து போய் வாயுவைக் கொளுத்திட்டு வரணும்."

"அவன் திரும்பி வந்தா?"

"வந்தா மத்தவங்க இறங்குவாங்க. நெருப்புக்குப் பயந்து காஞ்ச மீன் தோலை அடுக்கி, அது மினுக்குற வெளிச்சத்துலயும் வேலை பார்த்திருக்காங்க."

"ஊர்ப் பூனை எல்லாம் பின்னாடியே இறங்கியிருக்குமே" என்றான் பட்டாசு.

விளக்கறைக்காரர் சிரிக்கவில்லை. வலை போட்ட ஒரு விளக்கைக் கையில் எடுத்தார். "இருநூறு வருஷத்துக்கு முன்ன ரெண்டு பேர், ஒருத்தர் விஞ்ஞானி, இன்னொருத்தர் இஞ்சின் மெக்கானிக், ஏறக்குறைய ஒரே சமயத்துல பாதுகாப்பு விளக்கைக் கண்டுபிடிச்சாங்க. யார் முதல்லன்னு பெரிய சண்டை. இந்தக் கம்பி வலை இருக்கே, இது சூட்டைத் தின்னுடும். உள்ள இருக்கிற தீ வெளிய தாவாது. அதோட வாயு இருந்தா இதுவே காட்டிக் குடுக்கும். சுடருக்கு மேல நீலமா ஒரு தொப்பி நிக்கும். அதைப் பார்த்ததும் ஆளுங்க வெளிய வந்துடணும்."

"அப்போ சாவு குறைஞ்சிருக்குமே."

"எங்க குறைஞ்சுது? அதான் விளக்கு இருக்கேன்னு இன்னும் ஆழமா, இன்னும் வாயு இருக்கிற இடமாப் பார்த்து அனுப்பினாங்க. விளக்கு என்னங்க பண்ணும்? அது நீலத்தைக் காட்டும். பார்த்தவன் சொன்னதை மேல இருக்கிறவன் கேக்கணும்."

கடைசி வாக்கியத்தில் அவர் குரல் இறங்கியது. பட்டாசு இதற்குள் கூடத்தின் நடுவே இருந்த கண்ணாடிப் பெட்டியருகே போயிருந்தான். அங்கிருந்தே கூப்பிட்டான்.

"மச்சான், கொஞ்சம் வாங்க. இங்கயும் ஒரு இருநூத்திப் பதினாலு."

பெட்டிக்குள் கரி படிந்த ஒரு விளக்கு, குடுவை வேறு தலை வேறாகத் திறந்து கிடந்தது. கீழே பலகை. 'பத்தொன்பது உயிர்களைப் பலி கொண்ட விளக்கு, எண் 214. ஒருவனின் அலட்சியம்.'

நிதானம் விளக்கறைக்காரர் பக்கம் திரும்பினார். "விளக்கை எப்படிப் பூட்டுவீங்க?"

"இந்த ஓட்டையில பட்டாணி அளவு ஈயத்தைச் சொருகி, இடுக்கியால நசுக்குவோம். இடுக்கி வாயில அச்சு இருக்கும். அந்தக் குறி ஈயத்துல விழும். தினம் ஒரு அச்சு. கீழ போனவன் திறக்கணும்னா ஈயத்தை வெட்டியாகணும். வெட்டினதை ஒட்ட முடியாது, மேல வந்ததும் அகப்பட்டுக்குவான்."

"அப்போ இதைக் கொஞ்சம் பாருங்க."

நிதானம் பையிலிருந்து விளக்கை எடுத்து நீட்டினார். விளக்கறைக்காரர் வாங்கினார். எண்ணைப் பார்த்தார். பிறகு கட்டைவிரல் தானாகவே ஈயத்தைத் தேடிப் போய்த் தடவியது. முழு ஈயம், கீறல்கூட இல்லை. நடுவில் ஒரு சின்ன முக்கோணம்.

அவர் விளக்கை வெளிச்சத்துக்குத் திருப்பினார்.

"முக்கோண அச்சு" என்றார், யாரிடமோ சொல்வதுபோல. "விபத்து நடந்த அன்னைக்குக் காலையிலதான் முதல் தடவையா போட்டேன். சாயங்காலம் விசாரணைக்காரங்க அச்சை எடுத்துட்டுப் போயிட்டாங்க. வேற எந்த நாளும் அது விழுந்ததில்ல."

"ஒரே நம்பர்ல ரெண்டு விளக்கு. ஒண்ணு திறந்திருக்கு, ஒண்ணு பூட்டியிருக்கு. ஒரு மனுஷன் கையில ரெண்டு விளக்கோட இறங்கமாட்டான். பெட்டியில இருக்கிறதுக்கு நம்பர் குத்தினது யாரு?"

விளக்கறைக்காரர் கண்ணாடிப் பெட்டிப் பக்கம் திரும்பினார்.

"நான்தான். முதல்ல மேல வந்த நாலு உடம்புல இருநூத்திப் பதினாலுக்காரரும் ஒருத்தர். விளக்கு இடுப்புல தொங்குது, பூட்டினது பூட்டினபடி. மேனேஜர் என்னை உள்ள கூப்பிட்டு, வேற ஒரு விளக்கைக் குடுத்து, இதுல இருநூத்திப் பதினாலு குத்து, ஈயத்தை வெட்டு, கரியைப் பூசுன்னாரு. முடியாதுன்னு சொன்னேன். குவார்ட்டர்ஸைக் காலி பண்றியா, அச்சைக் குத்துறியான்னாரு. வீட்ல ரெண்டு கைக்குழந்தை." அவர் கண்ணாடிப் பெட்டியைக் காட்டினார். "பத்து நாளா தினமும் அதைத் துடைக்கிறேன். எனக்கு இதைவிட வேற தண்டனை வேணுமா?"

"அசல் விளக்கு எங்க போச்சு?"

"அவர்தான் துண்டுல சுத்தி எடுத்துட்டுப் போனாரு. அதுக்கப்புறம் இப்பத்தான் பார்க்கிறேன்."

வெளியே வந்ததும் பட்டாசு தலையைச் சொறிந்தான். "அப்போ விளக்கு இத்தனை வருஷமும் மேனேஜர்கிட்டயே இருந்திருக்கு. காணாமப் போனது அவருக்கே தெரியும். நம்மகிட்ட கேட்டுல கிடந்த கதையை மட்டும் சொல்லியிருக்காரு."

"எடுத்தது யாருன்னு மேனேஜருக்குத் தெரியல, சந்தேகம் விளக்கறைக்காரர் மேல. அவர் வாயை அடைக்க நாம. வா, பழி விழுந்த ஆளோட சம்சாரத்தைப் பார்த்துட்டு வரலாம்."

கடைத்தெருவின் கடைசியில் ஒரு தையற்கடை. பழி சுமந்தவருடைய மனைவி அங்கே பள்ளிச் சீருடைகளுக்குக் காலர் தைத்துக்கொண்டிருந்தார். நிதானம் விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிக் கடிதத்தைக் காட்டினார். அந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு படித்தார்.

"இது நான் எழுதினதான்னு கேக்க வந்தீங்களா? நான் எழுதியிருந்தா 'சொல்லுங்கள்'னு எதுக்கு எழுதறேன்? 'சொல்லுடா'ன்னு எழுதியிருப்பேன்."

அவ்வளவுதான். மெஷின் மறுபடி ஓடியது. அவர் ஓட்டிக்கொண்டே பேசினார்.

"என் வீட்டுக்காரர் பீடி குடிக்கமாட்டார். விசாரணையில அதைச் சொன்னேன், எழுதிக்கல. என் பையனைப் பள்ளிக்கூடத்துல பத்தொன்பதுன்னுதான் கூப்பிட்டாங்க. பேரே அதாயிடுச்சு. பதினாறு வயசுல ஊரைவிட்டுப் போனான், திரும்பி வரல. சுரங்க வாசல்ல நான் உடம்புக்காக நின்னுட்டிருந்தப்ப மேனேஜர் சம்சாரம் வந்து அத்தனை பேர் முன்னாடி என்னைக் கன்னத்துல அறைஞ்சாங்க. என் தம்பியை உன் புருஷன் கொன்னுட்டான்னு மண்ணை வாரித் தூத்தினாங்க. அவங்க தம்பியும் அதுல போயிட்டான். வாயு பார்க்கிற வேலை அவனுக்கு. சின்ன வயசு."

நிதானமும் பட்டாசும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"இன்னைக்கு விழாவுக்குப் போறீங்களா?"

"போகாம? முன்வரிசையில இடமாம்." அவர் மேசை இழுப்பறையிலிருந்து ஓர் அழைப்பிதழை எடுத்துப் போட்டார். "என் வீட்டுக்காரர் விளக்குன்னு எதையோ கண்ணாடிப் பெட்டியில வச்சிருக்காங்களாமே. உடைக்க இந்தக் கத்திரிக்கோல் போதுமான்னு யோசிச்சிட்டிருக்கேன்."

அவர் விளையாட்டுக்குச் சொல்லவில்லை. பட்டாசு அழைப்பிதழை எடுத்தான். எடுத்த வேகத்தில் தும்மினான்.

நிதானம் அதை முகர்ந்து பார்த்துவிட்டு நீட்டினார். "என்ன வாசனை?"

"பாச்சை உருண்டை. துணி அலமாரியில போடுவாங்களே. காலையில விளக்குலயும் இதேதான்."

"சுரங்க விளக்குல பாச்சை உருண்டை வாசனை வந்தா அது துணி அலமாரியில வாழ்ந்திருக்குன்னு அர்த்தம். இந்த அழைப்பிதழும் அதே அலமாரியிலேருந்துதான் வந்திருக்கு. இப்போ சொல்லு மாப்ள. ஒருத்தரைக் கொல்ற அளவு வெறுப்பு. ஆனா எழுத உக்காந்தா 'நீங்க'ன்னுதான் கை எழுதுது. நாப்பது வருஷப் பழக்கம், கோபத்துலகூடப் போகல. அந்த வீட்டு அலமாரிச் சாவி கைக்கு எட்டுது. நம்மளைக் கூப்பிடச் சொன்னதும் அதே ஆள்."

பட்டாசுக்குக் காபித் தம்ளரை வைத்துவிட்டுப் பேசாமல் போன அம்மாள் நினைவுக்கு வந்தார்.

அவர்கள் அந்த வீட்டுக்குப் போனபோது மேனேஜர் முன்னதாகவே விழாவுக்குக் கிளம்பிப் போயிருந்தார். அம்மாள் புடவை மாற்றித் தயாராகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். மடியில் பழுப்பேறிய ஒரு நோட்டு.

"விளக்கறைக்காரர் வாயைத் திறந்தாரா?" என்றுதான் முதலில் கேட்டார்.

"திறந்தார்."

"சொல்ல வருவாரா?"

"வருவார்னுதான் நினைக்கிறேன்" என்றார் நிதானம். "அதுக்காகத்தான் எங்களைக் கூப்பிடச் சொன்னீங்களா?"

"நான் போய்க் கேட்டா அந்த மனுஷன் பயந்து கதவைச் சாத்தியிருப்பாரு. நான் தனியா மேடையில சொன்னா, துக்கத்துல உளர்றான்னு இவர் சிரிச்சே அமுக்கிடுவாரு. ஈயத்தைப் படிக்கத் தெரிஞ்ச ஒரு வாய் வேணும்." அவர் நோட்டைத் திறந்தார். "ரெண்டு மாசம் முன்ன இவருக்குக் கண் ஆபரேஷன். ஆஸ்பத்திரியில கேட்ட காகிதத்தைத் தேடி இவர் அலமாரியோட அடித்தட்டைத் திறந்தேன். ஸ்வெட்டர்ல சுத்தி விளக்கு. கீழ இந்த நோட்டு. எழுத்தைப் பார்த்ததும் உக்காந்துட்டேன். என் தம்பி எழுத்து."

பட்டாசு எட்டிப் படித்தான். மூன்று நாள், மூன்று பதிவு. முதல் நாள், 'சுடர்மேல் நீலத் தொப்பி தெரிகிறது.' இரண்டாம் நாள், 'தொப்பி உயர்ந்திருக்கிறது. காற்று விசிறி சரியாக ஓடவில்லை.' மூன்றாம் நாள், 'ஆட்களை இறக்க வேண்டாம்.' ஒவ்வொன்றின் கீழும் மேனேஜரின் கையெழுத்து. மூன்றாவதன் கீழ் மட்டும் கூடவே இரண்டு சொற்கள், 'வேலை தொடரட்டும்.'

"படிச்சுப் பார்த்துட்டு, என் தம்பியையும் சேர்த்துத்தான் இறக்கியிருக்காரு. அப்புறம் என் தோளைப் பிடிச்சுக்கிட்டு, அதோ அவதான் அந்த முட்டாளோட பொண்டாட்டின்னு எனக்குக் கை காட்டினாரு. நான் போய் அறைஞ்சேன்." அவர் நோட்டை மூடினார். "ஈயம் முழுசா இருந்தா யாரும் திறக்கலன்னு அர்த்தம்கா, அப்படின்னு என் தம்பி வீட்டுக்கு வரும்போதெல்லாம் விளக்கைப் பத்திச் சொல்லுவான். எனக்குத் தெரியும்னு இவருக்குத் தெரியாது. என்கிட்ட எதையும் கேட்டதில்லையே."

"இதையெல்லாம் எதுக்குக் கொளுத்தாம வச்சிருந்தாரு?"

"தொடரட்டும்னு வாய்மொழியா உத்தரவு போட்ட பெரிய ஆளுங்க மேல இருந்தாங்க. அவங்களை ஆட்டிவைக்க இவருக்கு ஒரு பிடி வேணும். அதைப் பிடிச்சுத்தான் இவ்வளவு உயரம் ஏறினாரு."

பட்டாசால் கேட்காமல் இருக்க முடியவில்லை. "தப்பா நினைக்காதீங்கம்மா. ரெண்டு மாசமா சமைச்சுப் போட்டிருக்கீங்க. ஒரு நாள்கூட கை வேற டப்பா பக்கம் போகலையா?"

"போச்சு. ஆனா அவர் செத்துட்டா மாலை போட்டு, நல்ல மனுஷன்னு ரெண்டு பேர் பேசுவாங்க. அதை என்னால உக்காந்து கேக்க முடியாது."

மூன்றே முக்காலுக்கு மேடைக்குப் பின்னால் மேனேஜர் நிதானத்தைப் பிடித்துக்கொண்டார். "ஆள் கிடைச்சானா?"

"கிடைச்சாச்சு. முன்வரிசையில இருக்காங்க. இப்பவும் நீங்களே மேடையில உண்மையைச் சொல்லிட்டா அவங்க எழுந்துக்க மாட்டாங்க."

மேனேஜர் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தார். முன்வரிசையில் அவர் மனைவியும் தையற்கடை அம்மாளும் அடுத்தடுத்த நாற்காலிகளில் இருந்தார்கள். அவர் முகம் தெளிந்தது. "ஓ, அந்தத் தையல்காரியா? அவளை வெளிய தள்ளச் சொல்லுங்க. என் சம்சாரம் பக்கத்துல யாரு உக்கார வச்சது?"

அவர் மேடையேறினார். அரசாங்கச் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரி பொன்னாடை போர்த்தினார். பலத்த கைதட்டல். மேனேஜர் ஒலிவாங்கிக்கு முன்னால் வந்து, "இந்தச் சுரங்கத்தில் ஒரே ஒருவனுடைய அலட்சியத்தால்..." என்று ஆரம்பித்தார்.

அவர் மனைவி எழுந்து படியேறினார். யாரும் தடுக்கவில்லை, மேனேஜருடைய மனைவியை யார் தடுப்பார்கள்? நிதானம் திருப்பித் தந்திருந்த விளக்கை மேசைமேல் வைத்தார். ஒலிவாங்கியைத் தம் பக்கம் திருப்பினார். தம்பியின் மூன்று பதிவுகளையும் தேதியோடு வாசித்தார். கடைசியில், "கீழ கையெழுத்து என் வீட்டுக்காரருடையது" என்றார்.

"இவளுக்கு உடம்பு சரியில்ல" என்றார் மேனேஜர், சிரிக்க முயன்றுகொண்டு. "தம்பி போனதிலேருந்தே..."

"நம்பரைக் குத்தினது நான்" என்று பக்கவாட்டிலிருந்து ஒரு குரல். விளக்கறைக்காரர் கண்ணாடிப் பெட்டியைத் திறந்து போலி விளக்கைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். "இவர் சொல்லித்தான் குத்தினேன். ஈயத்தை வெட்டினதும் நான்தான். மேசையில இருக்கே, அதுதான் அசல். அதுல முக்கோணம் இருக்கும், பாருங்க."

அதிகாரி பார்த்தார். பார்த்துவிட்டு இரண்டு விளக்குகளையும் நோட்டையும் தம் பக்கம் நகர்த்திவைத்துக்கொண்டார். கூடத்தில் வயதான ஆட்கள் ஒவ்வொருவராக எழுந்து நின்றார்கள். யாரும் கத்தவில்லை. பொன்னாடையோடு நின்ற மனிதருக்கு அந்த அமைதிதான் தாங்கவில்லை. நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார்.

அம்மாள் கீழே இறங்கித் தையற்கடை அம்மாளின் எதிரே வந்து கைகூப்பினார். "அன்னைக்கு நான்..."

"வேண்டாம்" என்றார் அவர். "நீங்க இதைச் செஞ்சது உங்க தம்பிக்காக. எனக்காகன்னு சொல்லிடாதீங்க. என் பையன் எங்க இருக்கான்னு எனக்கு இன்னும் தெரியாது." கூடத்தின் நடுவே போய், கண்ணாடிப் பெட்டியின் கீழிருந்த பலகையைப் பிடுங்கி, தம் பையில் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து நடந்தார்.

ஐந்து மணிக்கு, அதிகாரி வாக்குமூலம் வாங்கி அனுப்பிய பிறகு, மேனேஜர் கார் அருகே நின்றார். ஒரே நாளில் பத்து வயது கூடியிருந்தது. கதவைப் பிடித்தபடி மனைவியிடம் மெல்லக் கேட்டார். "என்னை விட்டுப் போகப் போறியா?"

"எதுக்கு?" என்றார் அம்மாள். "கேஸ் நடக்க அஞ்சு வருஷம் ஆகும், பத்து வருஷம் ஆகும்னு அதிகாரி சொல்றாரு. அது முடியிற வரைக்கும் நீங்க உயிரோட இருக்கணும். சர்க்கரை மாத்திரை, பிரஷர் மாத்திரை எல்லாம் நானே எடுத்துத் தருவேன். ஒரு வேளைகூடத் தப்பாது. கோர்ட்டுக்கு நானே கூட்டிட்டுப் போவேன். பத்தொன்பது வீட்டுக்காரங்களும் அங்க வந்து உக்காருவாங்க. நான் அவங்களோட உக்காருவேன். ஏறுங்க, மாத்திரை நேரமாச்சு."

மேனேஜர் ஏறினார். அம்மாள் அவருடைய பொன்னாடையின் நுனி கதவில் மாட்டாமல் உள்ளே எடுத்துவிட்டு, கதவை அழுத்திச் சாத்தினார்.